பச்சைப் பொத்தானும் என் வலது கையும்

மார்ச் 6, திங்கள்

வெயில். ஆனையூரில் பஸ் ஏறியபோது மனிதன். பெரியார் நிலையத்தில் மாறி ஒத்தக்கடையில் இறங்கியபோது வற்றல். எண்ணெய் மட்டும்தான் பாக்கி.

இன்றைய வேலை: பெட்டி உடைப்பு. கடப்பாரை இரண்டு கொடுத்துத் திரும்பப் பெறல். மனைவி தனத்துக்குப் பெருங்காயம் (மறந்தேன்).

எங்கள் பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் பொங்கலிலிருந்து கிடந்த நான்கு மரப்பெட்டிகள் இன்று திறக்கப்பட்டன. அனுப்பியது ஒரு வெளிநாட்டு அரசாங்கம். தொழிற்கல்விக்கு உதவியாம். அந்த நாட்டின் முழுப் பெயரை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. இனி உ.ச., அதாவது உதவி சர்க்கார். ஸ்டோர் கீப்பர் என்ற முறையில் இரண்டு மாதம் பெட்டிகளைக் கண்ணிமைக்காமல் காத்தவன் நான். பெட்டிகள் லேசில் சாகவில்லை. ஒவ்வொரு ஆணியும் ஒரு படைத்தளபதி. கடப்பாரை வழுக்கிக் கூலியாள் ஒருவரின் கால் நகம் பெயர்ந்து சாக்கெல்லாம் ரத்தம்.

உள்ளே லேத், இரும்பைக் கடையும் இயந்திரம். யானை அளவு. (ராஜேந்திரன் கன்றுக்குட்டி அளவு என்கிறான். அவன் கண்ணில் கோளாறு.) பச்சைப் பொத்தான் அமுக்கினால் ஓடும், சிவப்பு அமுக்கினால் நிற்கும். சிமெண்டுத் தளம் இறுகி, கரண்டு இணைப்பு வர 15ஆம் தேதி மாலை ஆகும். அதுவரை யாரும் ஓட்ட முடியாது.

ராஜேந்திரன் என் அக்கா மகன். இங்கே லேத் இன்ஸ்ட்ரக்டர். மாப்பிள்ளைத் தோரணை உண்டு, மாப்பிள்ளை ஆகவில்லை.

பிரின்சிபால் எல்லோரையும் கூப்பிட்டு உ.ச. கடிதத்தை வாசித்தார். 16ஆம் தேதி காலை பத்து மணிக்கு அவர்கள் குழு வருகிறது. வகுப்பில் முதல் மார்க் வாங்கும் மாணவன் தன் கையால் லேத்தை ஓட்டி, கண்ணெதிரே ஓர் இரும்புத் தண்டைக் கடைந்து அளவு காட்ட வேண்டும். அளவு சரியாக இருந்தால் இரண்டாம் உதவி: மாணவர் விடுதி, இன்னும் ஐந்து இயந்திரங்கள். தப்பினால் வணக்கம், போய் வருகிறோம்.

முதல் மார்க் பூமிநாதன். கல்லூரிக்குக் கிழக்கே காலனிப் பையன். அப்பா வேலு, நேற்றுவரை கோயில் தர்மகர்த்தாவின் வயலில் கூலி, இன்று சொந்தமாக முக்கால் ஏக்கர். வீட்டில் ஒரே அறை, ஒன்பது பேர். பூமி உட்கார்ந்தபடியே தூங்குவான். விடுதி வந்தால் முதல்முறையாகக் காலை நீட்டுவான்.

மாலை டீக்கடை. அங்கேதான் என் நாக்கு அவிழ்ந்தது. பெஞ்சிலிருந்த ஒரு பையன் கேட்டான்:

"அண்ணே, அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்குனா என்னண்ணே ஆகும்?"

"அமுக்குற கையை அப்பிடியே போட்டோ பிடிப்பான். மறு வாரம் பிளேனு வரும். ஒத்தக்கடையிலயே எறங்கும். அமுக்குனவனைத் தூக்கிட்டுப் போயி அந்த ஊர்ல பெரிய உத்தியோகம். பங்களா, ரெண்டு சமையக்காரன், குளிக்க வெந்நி குழாயிலயே வரும்."

"நெசமாவா?"

"உள்ள கடுதாசி இருக்குடா. இங்கிலீசுல."

டீ கொதித்து வழிந்ததைக்கூட மாஸ்டர் பார்க்கவில்லை. எனக்குப் பரம திருப்தி.

மார்ச் 8, புதன்

மேகம். மழை இல்லை. வயிறு சரியில்லை.

என் பிளேன் வளர்ந்துவிட்டது. காலையில் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் எனக்கே சொல்கிறார்: "பிளேன்ல நாலு பேரு போகலாமாம். குடும்பத்தோட." நான் நான்கு பேர் சொல்லவில்லை. யாரோ என்னைவிடப் பெரிய கலைஞன் உலவுகிறான்.

பதினோரு மணிக்குத் தர்மகர்த்தா வந்தார். கல்லூரி நிற்கும் நிலம் அவர் கொடுத்தது. ஊர்க் கோயில் அவர் கையில். மகன் சுந்தர் இதே வகுப்பு. மார்க்கில் கடைசி, சட்டையில் முதல். கூட ஆறு பேர், ஆறு பேரும் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பிரின்சிபால் அறையில் வெளிச்சம் போய்விட்டது.

"எங்கூர்ல தேர் வடத்தை மொதல்ல தொடுறது யாரு? நானு. கெடாவுக்கு மொத வெட்டு? எங்க வீட்டு அருவா. எம் மண்ணுல நிக்கிற மிசினுக்கு மட்டும் மொதக் கை வேலு மகன் கையா?"

பிரின்சிபால்: "மார்க்குப்படிதான் அவங்க எழுதியிருக்காங்க..."

"மார்க்கு பேப்பர்ல. மிசினு மண்ணுல."

ராஜேந்திரன் நடுவில் புகுந்தான். "உங்க பையனுக்கு லேத்துல எந்தப் பக்கம் நிக்கணும்னே தெரியாதுங்க. தண்டு நாசமாப் போகும். விடுதி போகும். அப்புறம் மொதக் கையை எங்க வச்சுக்குவீங்க?"

ஆறு பேரில் ஒருவன் அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். நான் விலக்கப் போனேன். முழங்கை என் விலாவில். எலும்பு பதினெட்டாக உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. (தனம் எண்ணெய் தடவிப் பார்த்தாள். உடையவில்லையாம்.)

மார்ச் 9, வியாழன்

மாலை ஐந்தேகால். ஒத்தக்கடை பஸ் ஸ்டாப். ராஜேந்திரனை அடித்துவிட்டார்கள்.

சைக்கிள் செயின். நான் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக் குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது அவன் தரையில், சுற்றிலும் தர்மகர்த்தா ஆட்கள். நான்கு பேர். முகத்தில் மிதித்தார்கள். பஸ் நின்றது, டிரைவர் பார்த்தார், பஸ் கிளம்பியது. "பொத்தானா? பொத்தானாடா ஒனக்கு?" ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தடவை கேட்டார்கள். நான் கத்தினேன். குடையால் ஒருவன் முதுகில் அடித்தேன். குடை உடைந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பல் இரண்டு. மேல் வரிசை. ஒன்றை மண்ணில் தேடி எடுத்துப் பாக்கெட்டில் போட்டேன். எதற்கு என்று தெரியாது.

பெரியாஸ்பத்திரி. உதட்டில் ஏழு தையல். உறிஞ்சியபடி பேசுகிறான்: "மாமா, பிளேனு பிளேனுங்குறானுங்களே, எவன் மாமா அந்தக் கதையைக் கட்டுனவன்? அவன் மட்டும் கையில கெடைக்கட்டும்."

டாக்டர் பேசாதே என்றார். நல்ல டாக்டர்.

மார்ச் 10, வெள்ளி

வெயில். தனத்தின் முகமும்.

காலனியில் வேலுவின் வைக்கோல் போர் எரிந்தது. நடுப்பகலில். மாடு ஒன்றுக்கு முதுகெல்லாம் வெந்துபோயிற்று. பதிலுக்குக் காலனி இளவட்டங்கள் சுந்தரின் மோட்டார் சைக்கிளைக் கிணற்றில் தள்ளினார்கள். அதற்குப் பதில் கல். அந்தக் கல்லுக்குப் பதில் கல். அந்தி வரை மேலூர் ரோட்டின் மேல் கல் பறந்தது. காக்கை பறக்க இடமில்லை என்று எழுதலாம். உண்மையும் ஏறக்குறைய அதுதான். எங்கள் பஸ்ஸின் பின்கண்ணாடி போனது. ஒரு பெண்ணுக்குத் தலையில் ரத்தம். அவள் அழவில்லை, கூடையில் விழுந்த கண்ணாடியைத் தக்காளியிலிருந்து பொறுக்கிக்கொண்டே வந்தாள்.

பூமிநாதன் ஒர்க்‌ஷாப்பில். பழைய பெல்ட் லேத்தில் தண்டு கடைந்து பழகுகிறான். நெற்றியில் கல் பட்ட வீக்கம், புளியங்கொட்டை அளவு. (உண்மை அளவு.)

"வீட்டுக்குப் போடா."

"இன்னொரு தண்டு மட்டும் சார். நேத்து அளவு அரை நூல் கூடிப்போச்சு."

மார்ச் 11, சனி

முடிவு செய்தேன். டீக்கடைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வாழ்நாளில் முதல்முறை, கூட்டல் இல்லாமல்.

"பிளேனும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாந்தான் சும்மா சொன்னேன்."

சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

"மருமகன் அடி வாங்குனதும் பேச்சு மாறுதா? வேலு மகனை ஏத்திவிடப் பாக்குறீரு."

"சத்தியமாப் பொய்யிப்பா."

"எங்க, கருப்பன் வாசல்ல நின்னு சொல்லும் பாப்போம். நாளைக்கு தர்மகர்த்தா அழகர்கோவிலு வாராரு. அங்க வந்து சொல்லும்."

சரி என்றேன். பதினெட்டாம்படிக் கருப்பன் வாசலில் பொய் சொன்னவன் வீடு திரும்பமாட்டான் என்று இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். நான் உண்மையைத்தானே சொல்லப் போகிறேன். என்ன பயம்.

மார்ச் 12, ஞாயிறு

அழகர்கோவில். தனம் ராஜேந்திரன் பல்லுக்கு வேண்டுதல். (விழுந்த பல்லுக்கா, மிஞ்சிய பல்லுக்கா, கேட்கவில்லை.) கூட்டம். குரங்கு ஒன்று என் வாழைப்பழத்தைப் பிடுங்கி, என்னையும் ஓர் அறை அறைந்தது.

கருப்பன் வாசல். சந்தனம் பூசிய அந்தப் பெரிய கதவுக்கு முன்னால் தர்மகர்த்தா. சுந்தர். ஆறு பேர். சொன்னேன்: பிளேன் இல்லை. வேலை இல்லை. பங்களா இல்லை. என் வாய்க்கொழுப்பு.

நம்பிவிட்டார். அந்த வாசல் அப்படி. நம்பியும், அதில்லை என்று தலையை ஆட்டினார்.

"பிளேனு கெடக்குது ஸ்டோர்க்காரரே. பிளேனுக்கா நான் நிக்கிறேன்? மொதக் கை எங்க கை. அன்னைக்கு வேலு மகன் அந்தப் பக்கம் வந்தான்னா கையோட வெட்டிப்புடுவோம். அந்தப் பல்லுப்போன வாத்தியாருக்கும் சேத்துச் சொல்லும்."

சும்மா சொல்லவில்லை. எருமை விலை சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார். பக்கத்தில் சுந்தர் சிரித்தான். எனக்கு வைக்கோல் போரும் வெந்த மாடும் கண்ணில் வந்தன. வாய் தானாகத் திறந்தது.

"வெட்ட வேணாங்க. மிசினே பாத்துக்கிரும்."

"என்னங்குறீரு?"

"உங்ககிட்ட மறைக்கக் கூடாது. இதே சர்க்காரு இதுக்கு முன்னாடி வடக்க மூணு ஊருக்கு இதே மாதிரி மிசினு அனுப்பிச்சு. மூணுலயும் மொதல்ல தொட்டவன் பொழைக்கலை. காவு கேக்குற மிசினு. ஒருத்தனை வாங்குனப்பறம் பசு மாதிரி ஓடுது. அதான் முதல் மார்க்குப் பையன்னு எழுதியிருக்கான். நம்ம ஆளுக சந்தேகப்பட மாட்டாங்கல்ல."

தர்மகர்த்தா கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்க்கவில்லை. சுந்தரின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், சின்னக் குழந்தையைக் கிணற்றோரத்திலிருந்து இழுப்பதுபோல.

திரும்பும்போது பஸ்ஸில் தனம்: "அங்க என்ன சொன்னீங்க?" "உண்மை" என்றேன். மலை மறையும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 14, செவ்வாய்

அதிசயம். தர்மகர்த்தா பிரின்சிபால் அறைக்கு வந்து, படிப்புக்குத்தான் மரியாதை, வேலு மகனே தொடட்டும், தானே முன்னின்று மாலை போடுவதாக அறிவித்தார். பிரின்சிபாலுக்குக் கண்ணீர். "என்ன பெருந்தன்மை!" பியூனுக்கும் கண்ணீர். ராஜேந்திரன் தையல் பிரிய வாயைப் பிளந்தான்.

நான் ஸ்டோரில் உட்கார்ந்து பஞ்சுக் கழிவை எடை போட்டேன். மூன்று தடவை. மூன்று எடை.

மார்ச் 15, புதன்

கரண்டு வந்தது. நாளை எட்டு மணிக்குச் சோதனை ஓட்டம், பத்துக்குக் குழு. மாலையில் நானே லேத்தைத் துடைத்தேன். மண்ணெண்ணெய், பஞ்சு, பிறகு என் வேட்டி நுனி. ராஜாவின் பட்டத்து யானைக்குக்கூட இவ்வளவு குளியல் கிடையாது.

ஐந்து மணிக்கு ஸ்டோர் வாசலில் வேலு. பின்னால் பூமிநாதன். வேலு இதுவரை என்னை "சார்" என்பான்.

"யோவ்."

பிறகு அறை. இடது கன்னம். ஸ்டோரில் இருக்கிற எல்லா வாஷரும் ஒரே நேரத்தில் கொட்டியதுபோல் காதில் சத்தம். மேஜையில் விழுந்தேன். எழுவதற்குள் கழுத்தில் அருவாள். வயல் அருவாள், வைக்கோல் ஒட்டியிருந்தது.

"எம்மகனைக் காவு குடுக்கவாடா முதல் மார்க்கு போட்டீக? பண்ணையில எல்லாரும் சிரிக்கிறானுங்க. நாளைக்கி ஒம்மகன் ரத்தத்துலதான் மிசினு ஓடும்ங்கிறானுங்க."

"வேலு, பொய்யிப்பா. உம்மகனை வெட்டப் போறேன்னாரு. நிப்பாட்டத்தான் சொன்னேன்."

"கருப்பன் வாசல்ல நின்னு சொன்னதைப் பொய்யிங்கிறியா? அங்க எவன்யா பொய் சொல்லுவான்?"

பூமி அழுகிற குரலில், "அப்பா, லேத்துதான்ப்பா. கரண்டு. மோட்டாரு. அம்புட்டுத்தான்." மகனுக்கும் ஒரு அறை.

"நான் சேத்துல கெடந்து இவனைப் படிக்க வச்சேன். காவுக்கு வளத்த கெடா இல்ல இவன். நாளைக்கி வரமாட்டான்."

அவன் வராவிட்டால் தண்டு இல்லை. தண்டு இல்லாவிட்டால் விடுதி இல்லை. ராஜேந்திரனின் பல்லும், அந்த மாட்டின் முதுகும் வீண். எல்லாம் என் வாயிலிருந்து வந்தது. சொன்னேன்:

"நான் மொதல்ல தொடுறேன். காலையில ஆறு மணிக்கு. நீ நின்னு பாரு. செத்தேன்னா உம்மகனைக் கூட்டிட்டுப் போ. பொழைச்சேன்னா விடு."

வேலு மகனைத் தன் பின்னால் தள்ளி நிறுத்தினான். அருவாள் கழுத்திலேயே.

"ஓடிற மாட்டியே?"

மார்ச் 18, சனி

பெரியாஸ்பத்திரி. இடது கையால் எழுதுகிறேன். பென்சில். எழுத்து கோழி கிளறியது போல. சுருக்கமாக.

16 காலை ஆறு. வேலு, பூமி, நான். ராஜேந்திரன் வரவில்லை. மெயின் போட்டேன். பதினெட்டு வருஷ ஸ்டோர் உத்தியோகத்தில் ஒரு இயந்திரத்தையும் ஓட்டியதில்லை என்பதை அப்போதுதான் நினைத்தேன்.

லேத்தின் தலைப்பக்கம் தண்டைக் கவ்வும் வாய் இருக்கிறது. அதற்குப் பெயர் சக். அதை இறுக்க ஒரு சாவி. முதல் நாள் துடைத்து முடித்ததும் அந்தச் சாவியை அதன் துளையிலேயே செருகி வைத்தவன் நான். ஸ்டோர்க்காரன் புத்தி: சாவி என்றால் துளையில் இருக்க வேண்டும், தொலையக் கூடாது. ஓட்டுவதற்கு முன் எடுக்க வேண்டும் என்று லேத் பிடித்த எவனுக்கும் தெரியும்.

பூமி "சார், சாவி" என்று கத்தினான். விரல் பச்சையை அமுக்கிவிட்டது.

சாவி பறந்தது. முதலில் என் வலது முன்கை, பிறகு புருவம். எலும்பு மூன்று துண்டு. மிகையில்லை, டாக்டர் படத்தில் காட்டினார். பூமி பாய்ந்து சிவப்பை அமுக்கினான். லேத் முழுக்க ரத்தம். என்னுள் இவ்வளவு இருந்ததா.

வேலு அருவாளைக் கீழே போட்டான். துண்டால் என் தலையைக் கட்டினான். லேத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "வாங்கிருச்சு" என்றான். "டேய் பூமி, இனி நீ தொடலாம்." பிறகு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோடுவரை ஓடினான். காய்கறி லாரி. வெண்டைக்காய் மூட்டைமேல் நான். வழியெல்லாம் "செத்துறாதீக சார், செத்துறாதீக சார்" என்றான். மறுபடி சார்.

மிச்சம் ராஜேந்திரன் சொன்னது. அவன் எட்டுக்கு வந்து ரத்தத்தைக் கழுவினான். முழுக்கப் போகவில்லை. உ.ச. குழுவில் நெட்டையான ஒருவர் லேத்தின் அடியில் விரலை வைத்துப் பார்த்து என்ன சிவப்பு என்றார். பிரின்சிபால், குங்குமம், பூஜை என்றார். அவர் பவ்யமாகத் தலையாட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். பூமி பச்சையை அமுக்கினான், தண்டைக் கடைந்தான். அளந்தார்கள். மயிரிழைகூடத் தப்பவில்லை. கை கொடுத்தார்கள். தர்மகர்த்தா மாலையைக் கையில் வைத்தபடி பூமி எப்போது விழுவான் என்று நின்றாராம். விழவில்லை. மாலையைப் போடாமலே போய்விட்டார்.

பிறகு ராஜேந்திரன் குரலைத் தாழ்த்தினான். "மாமா, கடுதாசியில ஏழாவது நிபந்தனை. ஒர்க்‌ஷாப்புல விபத்து நடந்தா அவங்களுக்கு எழுதணும். விசாரணை முடியிறவரைக்கும் உதவி நிறுத்தம்."

"நீ எழுதிட்டியா?"

"பிரின்சிபாலுக்கே நீங்க எங்க இருக்கீகன்னு தெரியாது. காய்ச்சல்னு லீவு லெட்டர் குடுத்திருக்கேன்." பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து, "பிளேனு கதை நீங்கதான்னு டீக்கடையில சொன்னாங்க" என்றான். பல்லில்லாத இடத்தை நாக்கால் தடவினான். ஆரஞ்சை உரித்து என் வாயில் வைத்தான். எழுந்து போய்விட்டான்.

மார்ச் 19, ஞாயிறு

காய்ச்சல் 102. பக்கத்துக் கட்டில்காரர் இறந்தார். தனம் கஞ்சி. உப்பில்லை.

பத்து மணிக்குப் போலீஸ் ஏட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருக்கிறது. தர்மகர்த்தா தரப்பிலிருந்தும் தகவல் போயிருக்கிறது: வேலு அருவாளால் வெட்டினான், காலனி ஆட்கள் சாட்சிகளை மிரட்டுகிறார்கள், உடனே பிடிக்க வேண்டும். வெளியே வராந்தாவில் வேலு தரையில் உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக அங்கேயே இருக்கிறானாம். எனக்குத் தெரியாது. ஏட்டைப் பார்த்தும் எழுந்து ஓடவில்லை.

"சொல்லுங்க. எப்பிடி ஆச்சு?"

நாக்கின் நுனியில் ஆயிரம் வந்தன. கொம்பு வைத்த காளை. கவிழ்ந்த தேர். அழகர்மலையிலிருந்து உருண்ட பாறை, அதைத் தடுத்த என் வலது கை. எல்லாமே அருமையானவை.

"வழுக்கி விழுந்துட்டேன்."

"எங்க?"

"வீட்டுல. குளிக்கிற எடத்துல."

"கை மூணு துண்டு. புருவம் பிளந்திருக்கு. குளிக்கிற எடத்துலயா?"

"ஆமா."

"வேலு அருவாளோட வந்தானாமே?"

"வேலுவா? லாரி பிடிச்சுக் கொண்டாந்து சேத்தது அவன்தான்."

"ஆனையூருல குளிச்சவரை ஒத்தக்கடை வேலு எப்பிடிங்க கொண்டாந்து சேத்தான்?"

தனம் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நாந்தான் ஆள் விட்டேன்" என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் சொன்ன முதல் பொய். முகத்தில் ஒரு சலனம் இல்லை. நான் அவளிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும்.

ஏட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வராந்தாவைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு எழுதினார். ஒரே வரி. வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போடச் சொன்னார். மாவுக்கட்டுக்குள் இருந்த கையைக் காட்டினேன்.

மைப்பெட்டியைத் திறந்தார். என் இடது கைப் பெருவிரலைப் பிடித்து அந்த வரிக்குக் கீழே வைத்தார். அமுக்கினேன்.